மதியிறுக்கமும் மருத்துவக் காப்பீடும்

கடலூர் மாவட்டத்தின் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையால் பெயர்பெற்ற ஊர். அண்டையிலுள்ள நெய்வேலி பழுப்பு நிலக்கரியால் வளர்ந்த நகரியம். ஆலையிலோ சுரங்கத்திலோ உழைப்பவரின் எலும்பு முறிந்தால் காப்பீடு கைகொடுக்க வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. அவருடைய மூன்று வயதுக் குழந்தைக்குப் பேச்சு வராமல், பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாமல் இருந்தால், அந்தச் செலவை ஏற்பவர் யார்?

ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம், மூளையின் வளர்ச்சியில் அமையும் வேறுபாடு. 1943இல் மனநல மருத்துவர் லியோ கன்னர் இதனை விரித்துரைத்தார். பெற்றோரின் வளர்ப்புக் குறையால் இது வருவதன்று. மரபணுக்களின் பங்கே பெரிது. இதன் அடிப்படைக் கூறுகளை மாற்றும் மருந்து ஏதும் இல்லை. பேச்சுப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி ஆகியனவே துணை. நரம்பிணைப்புகள் விரைந்து உருவாகும் இளம்பருவத்தில் தொடங்கினால் பயன் மிகுதி. ஆயினும், அவை வாரந்தோறும், ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டியவை.

2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம், தன் 21ஆம் பிரிவில், உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு வழங்குமாறு நிறுவனங்களைப் பணித்தது. 2018 மே 29 முதல் அச்சட்டம் நடைமுறையில் உள்ளது. மனச்சிதைவுக்கும் மனச்சோர்வுக்கும் மருத்துவமனைக் கதவு இதனால் திறந்தது. மதியிறுக்கமோ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகை இயலாமைகளுள் ஒன்று. மனநோய் என்னும் வரையறைக்குள் அது தெளிவாக அடங்கவில்லை. மேலும், நம் காப்பீடுகள் பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பணம் தருவன. மதியிறுக்கக் குழந்தைக்கு வேண்டியது படுக்கை அன்று, பயிற்சி.

தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டுத் திட்டம் இக்குறையை உணர்ந்தது. முன்மருத்துவச் சோதனை எதுவுமின்றி, புறநோயாளர் சிகிச்சையையும் பயிற்சிகளையும் சேர்த்து, ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய் வரை அது காக்கிறது. ஆனால், அத்தொகைக்குள் பயிற்சிக்கெனத் தனி உச்சவரம்பு உண்டு. தொடர்பயிற்சிக்கு அது போதாது. அமெரிக்காவில் இண்டியானா மாநிலம் 2001இல் மதியிறுக்கத்துக்குக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது; 2019க்குள் ஐம்பது மாநிலங்களும் அவ்வழியில் சட்டமோ விதியோ வகுத்தன.

நம் நாட்டிலும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் மதியிறுக்கத்தைப் பெயர் சுட்டிச் சேர்த்து, புறநோயாளர் பயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் குழந்தையின் கற்கும் பருவத்திலிருந்தே கழிகிறது. சட்டம் விரைக!