இணையச் சேவைகளிடையே தனிவகைப் பொருள்களின் பரிமாற்றம்: தமிழ்ப் பெயரை முன்னிட்டு ஒரு விளக்கம்

முன்னுரை

இலண்டன் மாநகரின் வடகிழக்கில், விக்டோரியா நிலத்தடித் தொடருந்துப் பாதை முடிவடையும் பகுதி வால்தம்ஸ்டோ. அங்கே சனிக்கிழமைகளில் இயங்கும் சிறு தமிழ்ப் பள்ளியொன்றுக்கு மாணவர் பதிவு நிரலை எழுதிக் கொடுத்தவன் என்ற முறையில் இக்கட்டுரையை எழுதுகின்றேன். பள்ளிக் கணினியில் இருக்கும் மாணவர் விவரங்களை வேறொரு நகரிலுள்ள தேர்வு அமைப்பின் சேவையகத்துக்கு இணையச் சேவை வழியாக அனுப்புவதே பணி. இரண்டு வார இறுதிகளில் முடிந்துவிடும் என்று எண்ணியிருந்தேன்.

அவ்வாண்டுச் சான்றிதழ்கள் வந்து சேர்ந்தபோது ஒரு மாணவியின் பெயர் ‘ம. கயல்விழி’ என்று அச்சாகியிருந்தது. (பெயர்கள் இங்கே எடுத்துக்காட்டுக்காக மாற்றப்பட்டுள்ளன.) தந்தையார் பெயர் முருகேசு, ஆகவே ‘மு. கயல்விழி’ என்றிருந்திருக்க வேண்டும். சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்த்த அப்பிள்ளையின் பாட்டியார், “இது ஆற்றை பிள்ளையின்ரை?” என்று கேட்டார். எங்கள் கணினித் திரையில் தலைப்பெழுத்துச் சரியாகவே இருந்தது. அனுப்பிய தரவிலும் பிழை இல்லை. அவ்வாறாயின் ‘உ’கரம் எங்கே தொலைந்தது என்ற வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

பொருள் பயணம் செய்வதில்லை

இணையச் சேவையில் ஒன்றைக் கேட்டு நிற்கும் நிரலைக் கிளையன் என்றும், கேட்டதைப் பெற்று விடையளிக்கும் கணினியைச் சேவையகம் என்றும் வழங்குகிறோம். எண், எழுத்துச்சரம் போன்ற அடிப்படை வகைகளை இவ்விரண்டும் எளிதில் பரிமாறிக்கொள்ளும். நிரலாளர் தம் தேவைக்கென்று உருவாக்கும் வகைகள் வேறு. ‘மாணவர்’ என்றொரு பொருள்வகையை எழுதினால் அதற்குள் பெயர், பிறந்த நாள், வகுப்பு என்னும் பண்புகள் இருக்கும். அவற்றோடு செயல்களும் இருக்கும். எங்கள் ‘மாணவர்’ வகையில் தலைப்பெழுத்தைக் கணித்துத் தரும் செயல் ஒன்று இருந்தது. தந்தை பெயரின் முதற் குறியை மட்டும் எடுக்காமல், அதைத் தொடரும் உயிர்க்குறியையும் சேர்த்து எடுக்குமாறு அதை எழுதியிருந்தேன்.

‘பொருளை அனுப்புகிறோம்’ என்று பேச்சுவழக்கில் சொன்னாலும், கம்பி வழியே பொருள் செல்வதில்லை. கிளையனின் நினைவகத்தில் உள்ள பொருளின் பண்புகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுத்துவடிவில் வரிசைப்படுத்தப்படுகின்றன. அந்த எழுத்தே செல்கிறது. மறுமுனை அதைப் படித்து, தன்னிடமுள்ள வகையைக் கொண்டு புதிதாக ஒரு பொருளை உருவாக்கிக்கொள்கிறது. வீட்டை அனுப்ப முடியாமல் வீட்டின் அளவுக் குறிப்பை அஞ்சலில் அனுப்பினால், அங்குள்ள கொத்தனார் தம் வழக்கப்படி கட்டிக்கொள்வதைப் போன்றது இது. பண்புகள் மட்டுமே எழுதப்படுவதால் செயல்கள் புறப்பட்ட இடத்திலேயே நின்றுவிடும். எங்கள் தலைப்பெழுத்துச் செயலும் வால்தம்ஸ்டோவிலேயே நின்றுவிட்டது. தேர்வு அமைப்பின் சேவையகம் தந்தை பெயரைப் பெற்று, தானே ஒரு தலைப்பெழுத்தைக் கணித்தது. ‘முருகேசு’ என்னும் சரத்தின் முதற் குறியெண் ‘ம’. ‘உ’கரக் குறி அடுத்த குறியெண். முதல் குறியெண்ணை மட்டும் வெட்டியெடுக்கும் நிரல் ‘ம’ என்றே தரும். ஆங்கிலப் பெயர்களுக்கு இவ்வழி பிழையின்றி நடக்கும் என்பதால் அங்கே எவருக்கும் ஐயம் எழவில்லை.

பொருளோடு அதன் செயலையும் சேர்த்தனுப்பும் முயற்சி இல்லாமலில்லை. ஜாவா மொழியின் தொலைவழி அழைப்பு முறையில் பொருள்வகையின் நிரலையே மறுமுனை தரவிறக்கிக்கொள்ள வழியிருந்தது. ஆனால் இருமுனைகளும் ஜாவாவாக இருத்தல் வேண்டும். மேலும், அயலார் அனுப்பும் நிரலைத் தன் கணினியில் ஓடவிடுவது வீட்டுச் சாவியை வழிப்போக்கரிடம் ஒப்படைப்பதற்கு நிகர். வேறு வேறு மொழியில் எழுதப்பட்ட நிரல்கள் ஒன்றோடொன்று பேச வேண்டிய திறந்த இணையத்தில் அது நிலைபெறவில்லை.

ஒரே பெயர், இரண்டு வகைகள்

எழுத்துவடிவுக்கான இலக்கணங்கள் 1998 முதல் விரைந்து வளர்ந்தன. அவ்வாண்டிலேயே எக்ஸ்எம்எல் பரிந்துரை வெளியாயிற்று. 2000ஆம் ஆண்டு மே மாதம் சோப் 1.1 டபிள்யூ3சியின் குறிப்பாக வெளிவந்தது. 2001 மார்ச்சில் சேவையை விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் 1.1 வந்தது. சேவையகம் எந்தெந்த வகைகளை ஏற்கும், எவற்றைத் திருப்பித்தரும் என்பதை இவ்விவரிப்பு ஆவணம் முன்கூட்டியே அறிவிக்கும். கிளையன் பக்கத்துக் கருவி அதைப் படித்து, சேவையகத்தின் வகைகளுக்கு ஒப்பான பதிலி வகைகளைத் தானே எழுதிக் கொடுக்கும்.

முதன்முறை இதில் இறங்குவோர் ஏறத்தாழ அனைவரும் இடறும் கல் இங்கேதான் கிடக்கிறது. நம்மிடம் ஏற்கெனவே ‘மாணவர்’ வகை உண்டு. கருவி எழுதித் தந்ததும் ‘மாணவர்’தான். இரண்டிலும் பண்புகள் ஒன்றே. ஆயினும் ஒன்றை மற்றொன்று எதிர்பார்க்கும் இடத்தில் வைத்தால் நிரல்பெயர்ப்பி ஏற்க மறுக்கும். புத்தூர் என்ற பெயரில் யாழ்ப்பாணத்திலும் ஊர் உண்டு, தமிழகத்திலும் ஊர்கள் உண்டு. மாவட்டத்தை எழுதாமல் கடிதம் அனுப்பினால் அஞ்சற்காரர் என்ன செய்வார்? பொருள்வகைகளுக்கு மாவட்டம் போல அமைவது பெயர்வெளி. பெயர்வெளி வேறானால் பெயர் ஒன்றாயினும் வகை வேறே.

இதற்குத் தீர்வாக, இருமுனைகளும் ஒரே நிரலகத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒரே அலுவலகத்தின் இரு கணினிகளுக்கு அது பொருந்தும். பள்ளிக்கும் தேர்வு அமைப்புக்கும் இடையே பொருந்தாது, ஏனெனில் ஒருவர் திருத்தினால் மற்றவரும் அன்றே திருத்தியாக வேண்டும். எல்லையில் ஒரு மாற்றி வைத்து, நம் மாணவரின் பண்புகளைப் பதிலி மாணவருக்கு ஒவ்வொன்றாக எடுத்தெழுதுவதே நடைமுறையில் உறுதியானது. சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் எது போகிறது, எது நின்றுவிடுகிறது என்பதை நிரலாளர் கண்ணால் காண்பது அங்கே மட்டும்தான். நான் அதைத் தானியங்கிக் கருவியிடம் விட்டது என் பிழை.

பின்னர் பரவிய ஜேசான் வடிவம் எளிமையானது. விவரிப்பு ஆவணம் இல்லாமலே இயங்குவது அதன் வலிமை. வகை பற்றிய உடன்பாடு வெறும் வாய்மொழியாகிவிடுவது அதன் குறை. நாளுக்கென்று ஒரு வகையே அதில் இல்லை.

நாள் பற்றிச் சுருக்கமாக ஒன்று சொல்ல வேண்டும். தரவு உள்ளீட்டில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தன்னார்வலர் உதவினார். பிறந்த நாள் ‘நாளும் நேரமும்’ என்ற வகையில் அமைந்திருந்ததால், அவர் கணினி செப்டம்பர் 1 என்பதை இலங்கை நேர நள்ளிரவாகப் பதிந்தது. அது இலண்டனில் ஆகஸ்ட் 31 மாலை 7.30. இங்கிலாந்தில் கல்வியாண்டு செப்டம்பர் 1ஐ எல்லையாகக் கொண்டது. ஆகவே ஒரு குழந்தை ஒரே இரவில் ஒரு வகுப்பு மேலே ஏறிவிட்டது. எக்ஸ்எம்எல் திட்டவரையில் நேரமற்ற ‘நாள்’ வகை தனியே உண்டு. அதைப் பயன்படுத்தியிருந்தால் இந்தத் தொல்லை நேர்ந்திராது.

பெயர் என்னும் பொருள்வகை

தேர்வு அமைப்பின் திட்டவரையில் பெயருக்கு இரு புலங்கள்: முதற்பெயர், குடும்பப்பெயர். இரண்டும் கட்டாயம். யாழ்ப்பாண வழக்கில் தந்தை பெயர் முன்னே வரும், தன் பெயர் பின்னே வரும்: முருகேசு கயல்விழி. தமிழக வழக்கில் தந்தை பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கும். இலண்டனுக்கு வந்ததும் வரிசை மாறி, தந்தையின் உரிய பெயர் மகளுக்குக் குடும்பப்பெயராகிறது. ‘முதற்பெயர்’ என்ற புலத்தில் எதை இடுவது? வரிசையில் முதலாவதையா, உரியவரின் பெயரையா? பெற்றோர் இருவகையாகவும் நிரப்பினர். மனைவி கணவனின் பெயரையும், பிள்ளைகள் தந்தையின் பெயரையும், தந்தை தம் தந்தையின் பெயரையும் குடும்பப்பெயராகக் கொண்டிருக்கும் வீட்டில், பொருத்தம் பார்க்கும் நிரல் அவர்களை ஒரே குடும்பமாகக் காணாது.

உலகத் தரங்கள் இதை அறியாதவை அல்ல. மின்-முகவரி அட்டையான விகார்டின் 3.0 பதிப்பில் (1998) குடும்பப்பெயர், உரிய பெயர் எனப் பகுத்தெழுதும் புலம் கட்டாயமாக இருந்தது. 2011இல் வந்த 4.0 பதிப்பில் பகுத்தெழுதுவது விருப்பத்துக்கு விடப்பட்டு, முழுப்பெயர் மட்டும் கட்டாயமாயிற்று. கடவுச்சீட்டுகளுக்கான பன்னாட்டுத் தரமோ ‘முதன்மை அடையாளம்’, ‘இரண்டாம் அடையாளம்’ என்று பெயரிட்டு, பகுக்க இயலாத பெயர் முழுவதையும் முதன்மையில் இட இடம் தருகிறது. பெயரைப் பகுக்கும் உரிமை பெயருக்குரியவருடையது என்று ஏற்ற திட்டவரைகள் இவை எனக் கருதுகிறேன்.

இவ்வடிப்படையில் எங்கள் பெயர் வகையை மாற்றி எழுதினோம். முழுப்பெயர் கட்டாயம், உரியவர் எழுதும் வரிசையிலேயே அது செல்லும். உரிய பெயர் தனிப் புலம். உடன்வரும் பெயர் மற்றொரு புலம். அது தந்தையுடையதா, தாயுடையதா, கணவருடையதா, ஊருடையதா என்பதைக் குறிக்க அதனுடன் ஓர் உறவுக் குறிப்பு. தலைப்பெழுத்து கணிக்கப்படாது, எழுதியே அனுப்பப்படும். ஒன்றிலிருந்து கணிக்கத்தக்கதை மீண்டும் சேமிக்கலாகாது என்பது தரவுத்தள நூல்களின் விதி. இங்கே அதை வேண்டுமென்றே மீறினோம், ஏனெனில் கணிக்கும் அறிவு மறுமுனைக்குப் போய்ச் சேர்வதில்லை. மேலும் ஸ்ரீதரன் என்ற பெயரின் தலைப்பெழுத்து ‘ஸ்ரீ’ என்பது தமிழர் எவருக்கும் தெரியும். ஒருங்குறியின் பொதுவான எழுத்துப்பகுப்பு விதியோ அதனை ‘ஸ்’ என்றும் ‘ரீ’ என்றும் இரண்டாக்கும்.

எழுத்தும் ஒரு பொருளே

அடிப்படை வகையாகிய எழுத்துச்சரமே தமிழுக்கு முழுமையான உடன்பாடன்று என்பதைக் கடைசியில்தான் கண்டோம். முகவரிப் புலத்தில் உள்ள ‘வால்தம்ஸ்டோ’ என்ற சொல்லைத் தேடியபோது பாதி மாணவர்கள் கிடைக்கவில்லை. இச்சொல்லில் தமிழிலக்கணப்படி ஆறு எழுத்துகள். ஒருங்குறியில் பதினொரு குறியெண்கள். ஆயின் ஈற்றிலுள்ள ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். அவ்வாறு பிரித்தால் பன்னிரண்டு. யூடிஎஃப்-8 குறிமுறையில் முன்னது 33 பைட்டுகள், பின்னது 36. திரையில் இரண்டும் ஒன்றே; சரங்களைக் குறியெண் வாரியாக ஒப்பிடும் நிரலுக்கு இரண்டும் வேறு ஊர்கள்.

இவ்விரு வடிவும் நிகரானவை என ஒருங்குறியே கூறி, ஒன்றாக்கும் இயல்பாக்க முறையையும் தந்துள்ளது. தரவு புறப்படும் முன்னும் வந்து சேர்ந்த பின்னும் அதைச் செய்தல் வேண்டும்; எக்ஸ்எம்எல் படிப்பி தானாகச் செய்யாது. அதனாலும் தீராதவை சில உள. ஔகாரத்தை ‘ஒ’, ‘ள’ என இரண்டெழுத்தாகத் தட்டச்சிடுவோர் பலர். இயல்பாக்கம் அதைத் தொடாது. ‘ஸ்ரீ’ என்பதை வழக்கமான ஸகரத்தாலும் பின்னர் ஒருங்குறியில் சேர்ந்த ஶகரத்தாலும் எழுதலாம். அவை நிகரென அறிவிக்கப்படவில்லை.

தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்ற டேஸ்16 குறிமுறை, உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியெண் தந்து எழுத்தையே அலகாக்கியது. அதில் ‘முருகேசு’வின் முதற்குறியை வெட்டினால் ‘மு’ கிடைக்கும். ஆனால் அக்குறியெண்கள் ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தவை. தனிப்பயன் பகுதி என்பது இருவர் தமக்குள் பேசிவைத்த உடன்பாடு. அதை அறியாத சேவையகத்துக்கு அவை வெற்றுக் கட்டங்கள். திட்டவரை இன்றி அனுப்பப்பட்ட தனிவகைப் பொருளின் நிலையும் இதுவே. தமிழ்ப் பெயருக்கும் எழுத்துப்பகுப்புக்கும் பொதுத் திட்டவரையொன்றை வகுத்து, எவரும் எடுத்தாளத்தக்க பெயர்வெளியில் வெளியிடும் பணியை இம்மாநாட்டின் கணித்தமிழ் அரங்கு ஏற்குமாறு வேண்டுகிறேன்.

திருத்திய சான்றிதழ் அடுத்த பருவத்தில் ‘மு. கயல்விழி’ என்றே வந்தது. அதே வாரத்தில் அவள் தம்பியின் விண்ணப்பமும் வந்தது. அவன் இலண்டனில் பிறந்தவன். பிறப்புப் பதிவின்போது தந்தையின் கடவுச்சீட்டில் குடும்பப்பெயராக இருந்த பாட்டனார் பெயரே அவனுக்கும் இடப்பட்டுள்ளது. உறவுக் குறிப்பில் பாட்டனாரைச் சேர்த்தோம். இருவரும் உடன்பிறந்தோர் என்பதைச் சேவையகத்துக்குச் சொல்லும் புலம் எங்கள் திட்டவரையில் இன்னும் இல்லை.