நொத்தாரிசும் மகளின் வீட்டு உறுதியும்

தமிழ் படிப்பிப்பவன் என்பதால் ஊரில் பலர் தங்கள் காணி உறுதிகளை வாசிக்க என்னிடம் கொண்டுவருவார்கள். "சேர், இதுல என்ன எழுதியிருக்கு எண்டு பாத்துச் சொல்லுங்க" என்பார்கள். ஒப்பம் வைத்துப் பத்து வருடம் ஆகியிருக்கும். "அப்ப வாசிச்சிக் காட்டல்லியா?" என்று கேட்டால், "வெக்கச் சொன்ன எடத்துல வெச்சன் சேர்" என்பதுதான் பதில். நொத்தாரிசு என்றால் முத்திரை குத்துகிறவர் என்றே நம்மில் பலர் நினைத்திருக்கிறோம்.

இந்நாட்டில் காணியை விற்பதோ நன்கொடையாகக் கொடுப்பதோ வாய்ப்பேச்சால் நிறைவேறாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் ஒன்றாக இருக்கும்போது, எழுதிக்கொடுப்பவர் ஒப்பமிட வேண்டும். கடனை எழுதிவைக்கவும் சாட்சி வைக்கவும் சொல்லும் சூறத்துல் பகறாவின் 282ஆம் வசனத்தை அறிந்த நமக்கு இது புதிய ஏற்பாடல்ல. சமாதான நீதவான் பிரதிகளை உறுதிப்படுத்தலாம். காணி உறுதி முடிக்க அவருக்கு அதிகாரமில்லை. சட்டத்தரணிகள் எல்லோரும் நொத்தாரிசுகளும் அல்லர். எந்த மொழியில் உறுதி முடிக்கலாம் என்பதும் நொத்தாரிசின் அதிகாரப்பத்திரத்தில் குறிக்கப்பட்டிருக்கும். ஆகவே, "தமிழில் முடிப்பீங்களா?" என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

அவருடைய கடமைகளை 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் வகுத்திருக்கிறது. எழுதிக்கொடுப்பவரை அவருக்கோ சாட்சிகளுக்கோ தெரிந்திருக்க வேண்டும். வாசிக்க முடியாதவருக்குச் சாட்சிகள் கேட்க வாசித்து விளக்க வேண்டும். காணிப் பதிவகத்தில் ஏடுகளைத் தேடி, காணி யார் பெயரில் இருக்கிறது, ஈடு ஏதும் உண்டா என்று பார்க்க வேண்டும். செலவு மிச்சம் என்று "தேடத் தேவையில்லை" என நாமே எழுதிக்கொடுத்துவிடுகிறோம். பின்னால் வரும் வழக்கின் செலவோடு பார்த்தால் அந்த மிச்சம் ஒன்றுமேயில்லை.

கிழக்கிலே மகளுக்கு வீடு கொடுப்பது வழமை. பெரும்பாலும் அது நன்கொடை உறுதி. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் சட்டத்தின்படி, மீளப்பெற முடியாதது என்று உறுதியிலேயே எழுதப்படாவிட்டால் அந்த நன்கொடை அப்படிக் கொள்ளப்படாது. அந்த ஒரு சொல் விடுபட்டால், கொடுத்த வாப்பா பிறகு மனம் மாறினால் மகளின் கூரையே ஆட்டம் காணும். உறுதியை மகளின் கையில் கொடுப்பது உடைமையை ஒப்படைத்ததற்குச் சான்றாகும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. அதைத் தன் அலுமாரியில் பூட்டிவைக்கும் வாப்பா இதைக் கவனிக்க வேண்டும். உயிருள்ளவரை தானே அனுபவிக்கும் உரித்தை வாப்பா வைத்துக்கொண்டால் பொருந்தும் சட்டமும் மாறும். இவற்றையெல்லாம் ஒப்பத்துக்கு முன்னரே நொத்தாரிசிடம் கேட்டுத் தெளிய வேண்டும்.

உறுதி முடிந்ததும் மூலம் நமக்கு வரும். ஒரு பிரதி நொத்தாரிசிடம் இருக்கும். இன்னொன்று அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்குப் போகும். வெள்ளத்திலோ நெருப்பிலோ மூலம் அழிந்தாலும் அங்கிருந்து அத்தாட்சிப் பிரதி எடுக்கலாம். ஆனால் பிரதி போய்ச் சேர்வது வேறு, உறுதி பதிவாவது வேறு. பதியாத உறுதியை, அதே காணிக்குப் பின்னர் பணம் கொடுத்து வாங்கி முந்திப் பதிந்தவரின் உறுதி வென்றுவிடக்கூடும்.

தமிழ்நாட்டார் பத்திரம் என்பதை நாம் உறுதி என்கிறோம். அந்தப் பெயருக்குத் தக்கதாக அது இருக்க, வாசித்துக் காட்டும் நொத்தாரிசும் வேண்டும். விளங்காத இடத்தில் நிறுத்திக் கேட்கும் நாமும் வேண்டும். நாலு பேர் முன் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்ட கேள்விக்கு விளக்கம் தருவது அவருடைய வேலை. அதற்கும் சேர்த்துத்தான் கூலி கொடுக்கிறோம்.