தாத்தா புதைத்த இடமும் ஆதாரம்தான்

மழை பெய்து விட்டால் ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூர் இளைஞர்கள் பைக்கை எடுத்துக்கொண்டு பச்சைமலைப் பக்கம் போகிறார்கள். லாடபுரம் மயிலூத்து, கோரையாறு அருவி. குளிக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், இருட்டுவதற்குள் இறங்கிவிடுகிறார்கள். அண்மையில் நானும் மலைக்குப் போனேன். ஓர் இரவு தங்கினேன்.

தங்கியது மலையாளிப் பழங்குடியினர் வீட்டில். (கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் தமிழர்கள்.) அடுப்பில் குச்சிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது.

“காட்டுக்குப் பட்டா இருக்கா ஆயா?”

“எங்க மாமனாரு கல்லு பொறுக்கி வரப்பு போட்ட காடு தம்பி. காயிதம்தான் இல்ல.”

அந்தக் காகிதத்துக்காகத்தான் 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. 13.12.2005க்கு முன்பிருந்து உழுதுவரும் பழங்குடிக் குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை உண்டு. ஆனால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் உரிமை ஆவணம் வழங்கக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2008இல் இடைக்கால உத்தரவு போட்டது. 2016இல்தான் உச்ச நீதிமன்றம் அதை விலக்கியது. எட்டு வருடம். இந்தச் சட்டத்தில் முதியவர்களின் வாக்குமூலமே ஓர் ஆதாரம். அந்த எட்டு வருடத்தில் எத்தனை முதியவர்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள்?

அடிவாரத்துக்கு வருவோம். காட்டோரம் ஆடு மேய்த்து, சுள்ளி பொறுக்கி, துண்டு நிலத்தைத் திருத்தி வாழும் நம் சேரி மக்களும் இதே சட்டத்தில் வருகிறார்கள். ‘இதர மரபுவழி வனவாசிகள்’ என்று பெயர். ஆனால் 75 வருடம், அதாவது 1930 முதலே அங்கு வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். பண்ணையில் கூலிக்குக் கிடந்தவர் பெயரை 1930இல் எந்தக் கணக்குப்பிள்ளை எழுதி வைத்தார்? ஏட்டில் ஏற விடாதவர்களிடம் ஏட்டைக் கேட்கிறது சட்டம் என்றுதான் நானும் முதலில் கோபப்பட்டேன்.

விதிகளைப் படித்தபோது ஒரு வாசல் தெரிந்தது. குறிப்பிட்ட ஆவணம்தான் வேண்டும் என்று எந்த அதிகாரியும் வற்புறுத்தக் கூடாது. பழைய கிணறு, இடுகாடு, சாமி கும்பிடும் இடம், வரப்பு எல்லாம் ஆதாரம். மனுதாரர் அல்லாத பெரியவர் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் ஆதாரம். இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டதைச் சேர்த்து, மனுவைக் கிராம சபையின் வன உரிமைக் குழுவிடம் தர வேண்டும். அந்த உரிமையை அனுபவிக்க விடாமல் பட்டியலினத்தவரையோ பழங்குடியினரையோ மற்றவர்கள் தடுத்தால், 2015 திருத்தத்துக்குப் பிறகு அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

கல்லூரி விடுமுறைக்கு ஊருக்கு வரும் தம்பி தங்கைகளே, ஒரு நோட்டோடு தாத்தா பாட்டியிடம் உட்காருங்கள். எந்த வருடப் பஞ்சத்தில் எங்கே கிழங்கு தோண்டினார்கள், யாரை எங்கே புதைத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். கைரேகையோ கையெழுத்தோ வாங்கிக்கொள்ளுங்கள்.

விடிந்ததும் ஆயா என்னை மாமனாரைப் புதைத்த இடத்துக்கு அழைத்துப் போனார். புதருக்குள் ஒரு கல் நட்டிருந்தது. செடியை விலக்கிப் படம் எடுத்தேன். மனுவோடு வைக்க இரண்டு பிரதி போடச் சொல்லியிருக்கிறேன்.