இருவர் காக்கும் களம்

ஹப்சிகுடாவில் வாழும் நம் குடும்பத்துச் சிறுவர் இருவர் ஆடிய இரட்டையர் டென்னிஸ் ஆட்டத்தைக் காணச் சென்ற திங்கள் சென்றிருந்தோம். தனித்து ஆடுங்கால் இருவருமே வல்லவர். எனினும் அன்று தோற்றனர். "அது நீ எடுத்திருக்க வேண்டிய பந்து" என்று ஒருவரையொருவர் குறை கூறியவாறே வீடு திரும்பினர். இனிச் சேர்ந்து ஆடுவதில்லை என்னும் அளவிற்குப் பேச்சு வளர்ந்தது. அவ்விருவர் பொருட்டே இதனை எழுதுகின்றோம்.

ஒற்றையர் ஆட்டத்தில் களத்தின் அகலம் 27 அடி; இரட்டையர் ஆட்டத்தில் இருபுறமும் நாலரை அடி கூடி 36 அடியாகிறது. ஆளுக்கு 18 அடி எனப் பாகம் பிரித்துக்கொண்டால் போதாதோ எனச் சிலர் எண்ணுவர். அவ்வெண்ணமே தோல்விக்கு வித்தாகும். வலையின் உயரம் கம்பங்களில் மூன்றரை அடி. நடுவிலோ மூன்றே அடி. ஆதலின் எதிரிகள் நடுவே அடிக்க விழைவர். அப்பந்தை 'அவர் எடுப்பார்' என்று இருவருமே விட்டுவிடுவர். அன்று நம் சிறுவர் இழந்தவற்றுட் பல இத்தகையனவே.

பின் செய்யத்தக்கது யாது? இருவர் இடுப்பையும் ஒரே கயிறு பிணைத்திருப்பதாகக் கொள்க. ஒருவர் வலப்புற ஓரத்திற்கு ஓடினால், மற்றவரும் வலப்புறம் நகர்ந்து நடுவை அடைத்தல் வேண்டும். இடப்புற ஓரம் திறந்து கிடக்குமே எனின், கிடக்கட்டும்; அங்கே பந்தைச் செலுத்துவது எதிரிக்கு அரிது. வலையருகே நிற்பவரின் தலையைக் கடந்து செல்லும் பந்தைப் பின்னிற்பவர் ஓடி எடுக்க, முன்னிற்பவர் மறுபுறம் மாறிக்கொள்க. நடுப்பந்து யாருக்குரியது என்பதை முன்னரே பேசி முடிவு செய்க. இருவரும் வலக்கையராயின், இடப்புறம் நிற்பவருக்கு முன்கை வீச்சு நடுவில் அமைதலின், பெரும்பாலும் அவருக்கே அதனை விடுவர். ஐயம் எழுந்தால் "எனது" என்று உரக்கக் கூறுக.

இவ்வொற்றுமையின் ஆற்றலை நம்மவர் வரலாற்றிலும் காணலாம். 1966-ஆம் ஆண்டு மெல்போர்னில் நடந்த டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டியில் இந்தியா 4–1 என ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. நமக்குக் கிட்டிய அந்த ஒரே வெற்றி இரட்டையர் ஆட்டத்தில் வந்ததாகும். தமிழரான ராமநாதன் கிருஷ்ணனும் வங்காளியரான ஜெய்தீப் முகர்ஜியும், முந்தைய ஆண்டு விம்பிள்டன் வென்ற நியூகோம்ப், ரோச் இணையை வீழ்த்தினர்.

நாம் வாழும் இந்நகரில் வளர்ந்த சானியா மிர்சாவும் சுவிட்சர்லாந்து நாட்டு மார்ட்டினா ஹிங்கிஸும் 2015 விம்பிள்டன் இறுதியாட்டத்தின் மூன்றாம் செட்டில் 2–5 எனப் பின்தங்கியும் 7–5 என வென்றனர். பின்னர் அவ்விணை தொடர்ந்து 41 ஆட்டங்களில் வெற்றி கண்டது. சானியாவின் முன்கை வீச்சும் ஹிங்கிஸின் வலையருகு நுட்பமும் ஒன்றன் குறையை மற்றொன்று நிறைத்தன.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் தோற்று வந்தால் "பந்தை விட்டது யார்?" எனக் கேளாதீர்கள். "அவன் ஓடியபோது நீ எங்கே நின்றாய்?" என இருவரையும் கேளுங்கள். உற்றாரைப் பிரிந்து வந்து, ஒரு வீட்டார் நோயுற்றால் அடுத்த வீட்டார் அடுப்பெரிக்கும் வாழ்வு வாழும் நமக்கு, அக்கேள்வியின் பொருள் விளங்காமற் போகாது. அச்சிறுவர் மீண்டும் ஒரே பக்கம் நின்று ஆடக் காண ஆவலுடன் காத்திருக்கின்றோம்.