டிசம்பரில் வரும் பழைய முகம்

டிசம்பர் பிறந்தாலே நம் தோட்டங்களில் ஆள் நடமாட்டம் கூடிவிடும். சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள் பாலம் தாண்டி வருவார்கள். கோலாலம்பூர், கிள்ளான் என்று குடியேறிப் போனவர்கள் பிள்ளைகுட்டிகளோடு குளுவாங்கிலும் ரெங்கத்திலும் குளாயிலும் வந்து இறங்குவார்கள். ஒரு பக்கம் மாரியம்மன் கோயிலில் மார்கழிப் பூஜை. மறுபக்கம் மாதா கோயிலில் கிறிஸ்துமஸ் குடில். மழையோ விடாமல் கொட்டிப் பால்வெட்டை நிறுத்திவிடும். வேலையில்லாத காலைப்பொழுதில், கையில் சூடான கோப்பியோடு நாலு பேர் உட்கார்ந்தால் பேச்சு எங்கே போகும்? பழைய காலத்துக்குத்தான்.

அந்தப் பேச்சின் நடுவே ஒரு பழைய முகமும் வந்து நிற்கும். முப்பது ஆண்டுகளுக்கு முன் தண்ணீர்க் குழாயடியிலும் திருவிழாக் கூட்டத்திலும் உங்கள் கண் தேடிய அதே முகம். "சௌக்கியமா?" என்று ஒரே ஒரு வார்த்தை. அவ்வளவுதான், அன்றிரவு உங்களுக்குத் தூக்கம் போய்விடுகிறது.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நேயர்களே! நம் தோட்டத்துக் காதல்களில் பல, மனம் வெறுத்துப் பிரிந்தவை அல்ல, பிரிக்கப்பட்டவை. சாதி பார்த்துப் பிரித்தார்கள். கங்காணி குடும்பம், வெட்டுக்காரன் குடும்பம் என்று தராதரம் பார்த்துப் பிரித்தார்கள். மற்றதை அரசாங்கக் காகிதம் பார்த்துக்கொண்டது.

நம் தாத்தா பாட்டி காலத்தைக் கேளுங்கள். 1924இல் திறந்த ஜொகூர் பாலத்தில் அக்கரைக்கும் இக்கரைக்கும் சும்மா போய்வந்தவர்கள் அவர்கள். 1965இல் சிங்கப்பூர் தனி நாடானது. 1967இல் பாலத்தில் கடவுச்சீட்டுச் சோதனை வந்தது. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமாயிற்று. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் தவித்தார்கள். சுமார் 60,000 பேர் கப்பலேறித் தமிழகம் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் கப்பல்களில் போன பெண்களில் எத்தனை பேருக்கு இங்கே ஒருவன் காத்திருந்தானோ, யார் கணக்கெடுத்தார்கள்? பின்னர் தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விலைபோயின. ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள் ஆளுக்கொரு திசையாகச் சிதறினார்கள். சண்டை போட்டுப் பிரிந்திருந்தால் மறந்திருக்கலாம். சொல்லாமல் பிரிந்ததுதான் உள்ளே கிடந்து உறுத்துகிறது.

அமெரிக்காவில் நான்சி காலிஷ் என்றொரு மனவியல் பேராசிரியை இதையே ஆராய்ந்தார். பிரிந்து மீண்டும் சேர்ந்த 1,001 பேரிடம் விவரம் கேட்டு 1997இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பிரிவுக்குப் பலர் சொன்ன காரணம் என்ன தெரியுமா? பெற்றோரின் எதிர்ப்பு! அங்கேயும் அதே கதைதான். மீண்டும் சேர்ந்தவர்களில் 100க்கு 72 பேர் அப்போதும் ஒன்றாகவே இருந்தார்கள். ஆனால் இந்தக் கணக்கைப் பார்த்துத் துள்ளிக் குதித்துவிடாதீர்கள். தாமாக முன்வந்து பேசியவர்களின் கணக்கு இது; கசந்துபோனவர்கள் அவ்வளவாக வாய் திறப்பதில்லை. அந்த அம்மையாரே பின்னாளில், கல்யாணமாகிக் குடும்பம் நடத்துகிறவர்கள் பழைய காதலைத் தேடிப் போகவேண்டாம் என்று எச்சரித்தார். சும்மா நலம் விசாரிக்கத்தானே என்று தொடங்குவது அத்தோடு நிற்பதில்லையாம்.

2018இல் வந்த "96" படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பள்ளித் தோழர்கள் கூடும் இடத்துக்கு ஜானு வருகிறாள், எங்கிருந்து? நம் பக்கத்துச் சிங்கப்பூரிலிருந்து! கணவனும் குழந்தையும் உள்ளவள். ஓர் இரவு முழுவதும் பேசுகிறார்கள். விடிந்ததும் விமானம் ஏறிவிடுகிறாள். படம் பார்த்துக் கைக்குட்டையை நனைத்தவர்கள் நம் ஊரிலும் உண்டு. ஆனால் அது சினிமா. லயத்து வீட்டில் ஓர் இரவு முழுக்கப் பேசிக்கொண்டிருந்தால், விடியுமுன் பிரட்டுக்களம் வரைக்கும் செய்தி எட்டிவிடும்.

ஆகவே முதலில் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குத் துணை இருக்கிறாரா? அவருக்கு இருக்கிறாரா?

இருந்தால், "எப்படி இருக்கே?" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பும் அந்த ஒரு வரியை நாலு முறை யோசியுங்கள். அதை உங்கள் மனைவிக்கோ கணவருக்கோ காட்ட முடியுமா? முடியாதென்றால் அனுப்பாதீர்கள். இங்கிலாந்து அரண்மனைக் கதை உலகுக்கே தெரியும். இளமையில் பழகிய கமில்லா 1973இல் வேறொருவரை மணந்தார். சார்ல்ஸ் 1981இல் டயானாவைக் கைப்பிடித்தார். பழைய உறவோ அறுபடவில்லை. இரண்டு குடும்பங்கள் உடைந்த பிறகு 2005இல்தான் இருவரும் மணந்துகொண்டார்கள். அரண்மனைக்கு மதில் உண்டு. நமக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தானே!

"எங்கப்பா காலத்தில் இரண்டு பெண்டாட்டி இல்லையா?" என்று சிலர் கேட்பார்கள். இருந்திருக்கலாம். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1976ஆம் ஆண்டின் திருமணச் சட்டம், 1982 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்து, அந்தக் கதவைச் சாத்திவிட்டது. முதல் திருமணம் ரத்தாகாமல் கோயிலில் இன்னொரு தாலி கட்டினால் அது செல்லாது. 7 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. அந்தத் தாலியை நம்பி வருகிற பெண்ணின் கதியையும் எண்ணிப் பாருங்கள். மனைவி என்ற உரிமை எதுவும் அவளுக்குக் கிடைக்காது.

இருவரும் தனித்து நிற்பவர்கள் என்றால் கதையே வேறு. மனைவியை இழந்தவர், கணவனை இழந்தவர், முறையாக விவாகரத்துப் பெற்றவர் என்று எத்தனை பேர் பிள்ளைகளை ஆளாக்கி அனுப்பிவிட்டு இரவில் தொலைக்காட்சிப் பெட்டியோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள்! பெரியார் 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்தார். அவருடைய இயக்கம் விதவை மறுமணத்தை அந்நாளிலேயே உரக்கப் பேசியது. கிட்டத்தட்ட நூறு ஆண்டு ஆகியும், ஐம்பது வயது அம்மா ஒருவர் பொட்டு வைத்துக்கொண்டால் முணுமுணுக்கிற வாய்கள் இன்னும் ஓயவில்லை. எனக்கு இதில் கோபமே உண்டு.

பிள்ளைகள் எதிர்ப்பார்கள். "இந்த வயசில் இது தேவையா?" என்பார்கள். அந்தக் கேள்விக்குள்ளே பல சமயம் வீட்டுப் பத்திரம் ஒளிந்திருக்கும். இதையும் வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. மறுமணம் செய்துகொண்டால், முன்பு எழுதிவைத்த உயில் சட்டப்படி ரத்தாகிவிடும். புதிய உயில் எழுதாமல் ஒருவர் கண்மூடினால், அவருடைய பெற்றோர் உயிரோடு இல்லாத நிலையில், சொத்தில் மூன்றில் ஒரு பங்கு துணைக்கும் மீதி பிள்ளைகளுக்கும் போகும். ஆகவே கல்யாணம் ஆனவுடன் புதிய உயில் எழுதுங்கள். ஊழியர் சேம நிதியில் யார் பெயர் கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். சொக்சோ பென்ஷன் வாங்குகிறவர்கள், மறுமணத்துக்குப் பின் அது என்ன ஆகும் என்பதைச் சொக்சோ அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பங்கு எது என்று தெரிந்துவிட்டால் பிள்ளைகளின் பாதி எதிர்ப்பு தானாகவே அடங்கும்.

எப்படித் தொடங்குவது? ஒளிந்து மறைந்து வேண்டாம். அந்த வீட்டில் அண்ணனோ தம்பியோ இருந்தால் அவர் காதில் போட்டுவையுங்கள். கிறிஸ்துமஸ் அன்று ஒரு கேக்கை வாங்கிக்கொண்டு பகல் வெளிச்சத்தில், நாலு பேர் பார்க்கப் போய் உட்காருங்கள். முதல் நாளே கல்யாணப் பேச்சு வேண்டாம். முப்பது ஆண்டுகளில் அந்தப் பெண் வேறு ஆளாகியிருப்பார், நீங்களும்தான். அவர் மறுத்தால், கோப்பியைக் குடித்துவிட்டு மரியாதையோடு எழுந்து வாருங்கள்.

சம்மதித்தால்? மார்கழியில் நம்மவர்கள் முகூர்த்தம் வைப்பதில்லை. அந்த இடைவெளியும் நல்லதுதான். பிள்ளைகளிடம் பேசி முடிக்க ஒரு மாதம் கிடைக்கிறது. இருவரும் 21 வயதைக் கடந்தவர்கள் என்பதால் சட்டப்படி பெற்றோர் சம்மதம் தேவையில்லை. பிள்ளைகளின் சம்மதம் எந்த வயதிலும் தேவையில்லை. என்றாலும் கேளுங்கள். தை பிறந்ததும் அடையாள அட்டையோடு மறைந்த துணையின் மரணச் சான்றிதழையும், விவாகரத்தானவர்கள் நீதிமன்ற உத்தரவையும் எடுத்துக்கொண்டு தேசியப் பதிவு இலாகாவுக்குப் போகலாம். சாட்சிக் கையெழுத்துக்குப் பழைய லயத்துக்காரர்கள் இரண்டு பேரை அழைத்துப் போங்கள். அவர்களுக்கு விவரம் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது, எல்லாம் அன்றே தெரியும்!