காப்பீடு இல்லாத குடும்பமும் கருவுறுதலுக்கு முன்னேற்பாடும்

நம் கிராமங்களில் கலியாணச் செலவுக்குக் கணக்குப் போடாத குடும்பம் இல்லை. நாற்று விடுமுன் விதைக்கும் உரத்துக்கும் ஆள்கூலிக்கும் கணக்குப் போடாத விவசாயியும் இல்லை. ஆனால், ஒரு குழந்தையைப் பெறுவதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்க்கும் குடும்பங்கள் மிகச் சிலவே. கருத்தரித்த செய்தி தெரிந்த பிறகே பெரும்பாலும் யோசனை தொடங்குகிறது. சில வீடுகளில் வலி கண்ட இரவில்தான் தொடங்குகிறது. அவசரத்தில் வாங்கும் கடனுக்கு வட்டி அதிகம். அதற்கு ஈடாகப் போகும் நகை எளிதில் வீடு திரும்புவதில்லை. மருத்துவக் காப்பீடு ஏதும் இல்லாத குடும்பம் இந்த இக்கட்டைத் தவிர்க்க முடியுமா? முடியும். அதற்கு வேண்டுவது பெரும் பணமன்று. ஓராண்டுக் கால முன்யோசனையே.

காப்பீடு எதற்கு உதவும்?

குறிப்பிட்ட வரம்புக்குட்பட்ட மாதச் சம்பளம் பெறும் தொழிலாளர்களுக்கு ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் பிரசவ உதவி உண்டு. சொந்த நிலத்தில் உழைப்பவரும் விவசாயக் கூலிகளும் அதில் அடங்குவதில்லை. தனியார் கம்பெனிகளின் பாலிசிகள் பலவற்றில் பிரசவச் செலவு சேர்வதில்லை. சேர்ந்தாலும், பல மாதங்கள் முதல் சில ஆண்டுகள் வரை காத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். ஆகவே, கருவுற்ற பின் அவசரமாக வாங்கும் பாலிசி அந்தப் பிரசவத்துக்குப் பயன்படுவது அரிது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குறிப்பிட்ட நோய்களுக்கும் அறுவைச் சிகிச்சைகளுக்குமென ஏற்பட்டது. சாதாரணப் பிரசவத்துக்காக அமைந்ததன்று. எனினும், எதிர்பாராத நோய் வந்தால் அது கைகொடுக்கும். தகுதியுள்ள குடும்பங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, அட்டையை முன்கூட்டியே வாங்கி வைத்தல் நலம்.

காப்பீடு இல்லையென்பதால் பாதுகாப்பே இல்லையென்று கருதுதல் தவறு. பிரசவத்தைப் பொறுத்தவரை ஏழைக் குடும்பத்தின் உண்மையான காப்பீடு நமது துணை சுகாதார நிலையமும் ஆரம்ப சுகாதார நிலையமும் அரசு ஆஸ்பத்திரியுமே. ஆயின், நேரத்தோடு நாடி வருபவருக்கே அவற்றின் முழுப் பயனும் கிட்டும்.

உடலைச் சித்தம் செய்தல்

குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழல், கருத்தரித்து ஏறக்குறைய 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. அப்போது பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே தெரியாது. அதற்குத் துணை செய்வது ஃபோலிக் அமிலம் என்னும் சத்து. நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் மாத்திரையை, கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தேனும் உட்கொள்ள வேண்டும். நாள் தள்ளிப்போன பிறகு தொடங்கினால் உரிய காலம் பெரும்பாலும் கடந்துவிடுகிறது.

அடுத்தது இரத்தசோகை. 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டின் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இக்குறை இருந்தது. இரத்தம் குறைந்த தாய்க்குப் பிரசவத்தின்போது ஏற்படும் சிறிய உதிரப்போக்கும் உயிருக்கு ஆபத்தாகலாம். கருவுறாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமும், கர்ப்பிணிக்கு 11 கிராமும் இருக்க வேண்டும். 7 கிராமுக்குக் கீழே போனால் அது கடும் சோகை. ஆகவே, கருவுறும் முன்பே இரத்தத்தைச் சோதித்துக் குறையை ஈடுசெய்ய வேண்டும். கீரை, பயறு, கேழ்வரகு, முட்டை முதலியவற்றுடன் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்புச் சத்து உடலில் நன்கு சேரும். இரும்புச் சத்து மாத்திரையைக் காப்பி, தேநீருடன் உட்கொள்ளலாகாது. வயலில் வெறுங்காலுடன் நடப்போரின் பாதத்தின் வழியாகக் கொக்கிப்புழு உடலுக்குள் புகுந்து இரத்தத்தை உறிஞ்சும். செருப்பு அணிதலும், திறந்த வெளியில் மலங்கழிக்காதிருத்தலும் இதனால் தாய்சேய் நலத்தின் பகுதியாகின்றன.

சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு, வலிப்பு, இருதய நோய் உடையவர்கள் கருவுறும் முன் டாக்டரைக் காண்பது இன்றியமையாதது. சில மருந்துகளை மாற்ற நேரிடலாம். தாமாகவே அவற்றை நிறுத்துதல் கூடாது. நெருங்கிய உறவில் மணம் புரிந்தோரும், குடும்பத்தில் பரம்பரை நோய் உள்ளோரும் அதனை மறைக்காமல் டாக்டரிடம் கூற வேண்டும். பூச்சிமருந்து கலக்குதல், தெளித்தல், தெளித்தவரின் உடைகளைத் துவைத்தல் ஆகிய வேலைகளிலிருந்து, கருத்தரிக்க விரும்பும் பெண்ணை விலக்கி வைக்க வேண்டும். புகை, மது ஆகியவற்றைக் கணவரும் கைவிட வேண்டும்.

ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கருவுறுதலுக்குக் குறைந்தது 24 மாத இடைவெளி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த இடைவெளிக்கு வேண்டிய காப்பர்-டி, மூன்று மாதத்துக்கொருமுறை போடும் அந்தரா ஊசி, சாயா மாத்திரை ஆகியன அரசு நிலையங்களில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

பதிவும் உரிமைகளும்

நாள் தள்ளிப்போனவுடன் கிராம சுகாதார செவிலியரிடம் தெரிவித்து, 12 வாரத்துக்குள் பிக்மி பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆதார் அட்டையும், பெண்ணின் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கும் முன்னரே சித்தமாக இருத்தல் வேண்டும். கணக்கு இல்லாமையால் உதவித்தொகை தாமதப்படுவது தவிர்க்கக்கூடிய குறையே.

2011-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, அரசு மருத்துவ நிலையங்களில் பிரசவம் முற்றும் இலவசம். அறுவைச் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, இரத்தம், போக்குவரத்து யாவும் இதில் அடங்கும். சாதாரணப் பிரசவமாயின் 3 நாட்களும், அறுவைச் சிகிச்சையாயின் 7 நாட்களும் தாய்க்கு உணவு உண்டு. இது தயவன்று, உரிமை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் தொகை 2006-இல் 6,000 ரூபாயாகவும், 2011-இல் 12,000 ரூபாயாகவும், 2018-இல் 18,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. இவற்றில் இறுதியாகக் கூறிய தொகையில் ரொக்கம் 14,000 ரூபாய். எஞ்சிய 4,000 ரூபாய் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களின் மதிப்பு. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள, 19 வயது நிறைந்த தாய்மார்களின் முதல் இரு பிரசவங்களுக்கு இது உரியது. ரொக்கம் தவணை தவணையாக வருவதாலும், ஒரு பகுதி பிரசவத்துக்குப் பின்னரே கிடைப்பதாலும், பிரசவ நாளின் கைச்செலவுக்கு இதனை நம்பியிருத்தல் ஆகாது.

கைச்செலவு

சிகிச்சை இலவசமாயினும் செலவே இல்லையென்று கூறுவதற்கில்லை. பரிசோதனைக்குப் போய்வரும் பஸ் கட்டணம், உடனிருப்பவரின் உணவு, கணவரும் மனைவியும் இழக்கும் நாட்கூலி, பால், பழம், முட்டை ஆகியவற்றைக் குடும்பமே ஏற்க வேண்டும். மாதம் 500 ரூபாய் வீதம் 24 மாதம் ஒதுக்கினால் 12,000 ரூபாய் சேரும். முன் கூறிய இடைவெளிக் காலத்தை இச்சேமிப்புக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். மகளிர் சுய உதவிக் குழுவில் அதற்கெனத் தனிக் கணக்கு வைத்தால் வேறு செலவில் கரையாது.

கடைசி நேரத்தில் பதறித் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதே பல குடும்பங்களைக் கடனில் ஆழ்த்துகிறது. எந்த நிலையத்தில் பிரசவம், சிக்கல் நேர்ந்தால் எந்தப் பெரிய அரசு ஆஸ்பத்திரி, உடன் செல்பவர் யார், வீட்டிலுள்ள மற்றக் குழந்தைகளையும் மாட்டையும் பார்த்துக்கொள்பவர் யார் என்பன ஏழாம் மாதத்துக்குள் முடிவாகியிருக்க வேண்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் பெண், தன் பிக்மி எண்ணையும் மருத்துவக் குறிப்பேட்டையும் உடன் கொண்டுசென்று, அவ்வூர்ச் செவிலியரிடம் காட்ட வேண்டும்.

உதிரப்போக்கு, கடும் தலைவலி, பார்வை மங்கல், முகத்திலும் கையிலும் வீக்கம், வலிப்பு, காய்ச்சல், பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும். அழைப்புக்குக் கட்டணமில்லை.

பஞ்சாயத்தின் பங்கு

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யக்கூடியவை பல. மழைக்காலத்தில் ஆம்புலன்ஸ் வரமுடியாத குடியிருப்புகளைக் கண்டறிந்து பாதையைச் சீர்செய்தல். இரவில் உதவக்கூடிய வாகன உரிமையாளரின் பெயரை அங்கன்வாடியில் எழுதி வைத்தல். இரத்தம் கொடுக்க முன்வரும் இளைஞர்களின் பட்டியலைத் தயாரித்தல். துணை சுகாதார நிலையத்துக்குக் குடிநீரும் விளக்கும் தடையின்றிக் கிடைக்கச் செய்தல் ஆகியன பெரும் நிதி வேண்டாத காரியங்கள். கிராம சபைக் கூட்டத்தில் செவிலியரை அழைத்து, புதிதாக மணமானவர்களுக்கு ஃபோலிக் அமிலமும் இரத்தப் பரிசோதனையும் கிடைக்கின்றனவா என்று கேட்டறிதல் வேண்டும். கருவுற்றவர்களின் பட்டியல் எல்லா ஊரிலும் உண்டு. கருவுறப் போகிறவர்களை நினைக்கும் ஊரே முன்னேறிய ஊர்.

இவ்வாண்டு உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு திருமணம் நடந்திருக்குமாயின், அத்தம்பதியரைச் செவிலியரிடம் அனுப்பி வையுங்கள். அந்த ஒருநாள் நடை, நாளை ஒரு தாயின் உயிரையும் ஒரு குடும்பத்தின் நிலத்தையும் காக்கக்கூடும்.