பாட்டி வீட்டுத் தையல் இயந்திரம்

மாணவர்களே! தக்கலைப் பக்கத்துப் பழைய வீடுகளில், கரிய உடலில் பொன்னிறப் பூவேலை செய்த சிங்கர் தையல் இயந்திரம் மூலையில் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். சக்கரம் சுற்றவில்லை என்று அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். பல வேளைகளில் காரணம் பழுதல்ல, பிசுக்குத்தான்.

பிசுக்கு எப்படி வந்தது? நம் ஊரில் எதற்கும் தேங்காய் எண்ணெய்தானே! அது சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையும். மேலும், சமையல் எண்ணெய்கள் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து நாளடைவில் பசைபோல் இறுகும். கனிம எண்ணெயான மெஷின் ஆயில் அவ்வளவு எளிதில் இறுகாது.

அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில், பெரியவர் துணையோடு, பிசுக்கில் சிறிது மண்ணெண்ணெய் விட்டு ஊறவையுங்கள். பூவேலையில் படவேண்டாம். அழுக்கைத் துடைத்து, எண்ணெய்த் துளைகளில் மெஷின் ஆயில் ஒவ்வொரு சொட்டு விட்டு, சக்கரத்தை மெல்லச் சுற்றுங்கள்.

இப்போது ஊசியைக் கவனியுங்கள். காது முனையருகே இருக்கிறது அல்லவா? இத்தகைய ஊசி கொண்ட இயந்திரத்துக்கு எலியாஸ் ஹோவ் 1846-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். ஊசி கீழிறங்கிச் சற்றே மேலெழும்போது நூல் வளையமாகிறது. ஓடத்தின் கூர்முனை அதனுள் நுழைய, கீழ்நூல் அவ்வளையத்தின் ஊடே செல்கிறது. இரு நூல்களும் துணியின் நடுவே பின்னிக்கொள்கின்றன. ஊசியைத் திருப்பிப் போட்டால் வளையம் ஓடத்துக்குச் சிக்காது; தையல் விட்டுப்போகும்.

பழந்துணியில் ஒரு தையல் போட்டுப் பாருங்கள். எடைக்குப் போகவிருந்த இரும்பு, உங்கள் சட்டையைத் தைக்கும்!